பீரோவுக்குள் வயசான மாண்டலின்

லட்சுமணசாமி மில்லிலிருந்து வீடு திரும்பியபோது அவருடைய மாண்டலின் பாத்திரக்காரரின் மடியில் மல்லாந்து கிடந்தது. பாத்திரக்காரர் அதன் வயிற்றைச் சுண்டுவிரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ராமாமணி ஒரு எவர்சில்வர் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை எடுத்துக்கிட்டு இந்தக் குடத்தைக் குடுத்துப்போட்டுப் போங்க" என்றாள் ராமாமணி.

"இது வெறும் மரமுங்க அம்மணி. மரத்துக்குக் குடம் குடுத்தா எனக்குக் கட்டுபடியாகுமுங்களா? ஒரு டம்ளர் வேணா வெச்சுக்குங்க."

"மரம் மட்டுமா? எட்டுத் தந்தி இருக்குதுல்லீங்க?"

"தந்திக்குத்தானுங்க டம்ளரு."

லட்சுமணசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த மாண்டலினுக்காக அவர் தன் சைக்கிளையே கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மில்லுக்கு நடந்துதான் போய் வந்தார்.

அது நடந்தது போன வருஷம், ஐம்பத்தைந்தில். ஒரு சாயங்காலம் சிங்காநல்லூரில் சினிமா ஸ்டூடியோவின் மதில் ஓரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். உள்ளே யாரோ மாண்டலின் வாசித்தார்கள். லட்சுமணசாமி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். வாசிப்பு முடிந்த பிறகும் காலை எடுக்கத் தோன்றவில்லை. உலகத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, இத்தனை நாள் நம்மிடம் யாரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அழுகை வந்தது. அடுத்த வாரமே அந்த வாத்தியக்காரர் மதராசுக்கு மூட்டை கட்டினார். அவரை ஸ்டூடியோ வாசலில் பிடித்து, சைக்கிளைக் கொடுத்து, மாண்டலினை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "புதுசுங்க, கடையில வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை" என்று வாத்தியக்காரர் சொல்லியிருந்தார். பார்த்தாலும் புதுசாகத்தான் இருந்தது.

ஆசை இருந்த அளவுக்குக் கை வரவில்லை. மில்லில் லட்சுமணசாமிக்கு நூல் சோதிக்கிற வேலை. நூலை அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்த்து, எவ்வளவு தாங்கியது என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க இழுத்துப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் இழுத்தது. தந்திகள் அறுந்தன. டப்பா நிறையத் தந்தி வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பாடுபட்டதில் ஒரு பாட்டின் முதல் வரி மட்டும் வந்தது. அதையே தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு சீப்புத் துண்டால் மீட்டி வாசித்தார்.

"ஒரு வருஷமா அதே வரி. அடுத்த வரி என்னன்னு தெரியாமையே நான் செத்துப்போயிருவேன் போல இருக்குதுங்க" என்று ராமாமணி பல தடவை சொல்லிவிட்டாள். இப்போது பாத்திரக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இனிச் சும்மா நின்றால் டம்ளர்தான் மிஞ்சும் என்று லட்சுமணசாமிக்குப் புரிந்தது. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய் எப்போதும் பெரிதாக இருக்கும்.

"அதைத் தொடாதீங்க. அது நூறு வருஷத்துக்கு முந்தினதுங்க" என்றார்.

பாத்திரக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.

"இத்தாலி தேசத்துல செஞ்சது. ஒரு துரை கப்பல்ல கொண்டு வந்தது. அதோட மதிப்பு அந்த வாத்தியக்காரனுக்கே தெரியலை. எனக்குத் தெரிஞ்சுதுங்க. அதனாலதான் சைக்கிளைக் குடுத்தேன்."

பாத்திரக்காரர் மாண்டலினைத் துண்டின் மேல் மெதுவாக இறக்கி வைத்து, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, குடத்தோட மூடியும் தாரனுங்க."

"வேண்டாமுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று ராமாமணி மாண்டலினைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பாத்திரக்காரர் போன பிறகு அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாலுமா நூறு வருஷம்?"

"அதுக்கு மேலயும் இருக்கும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா நீ பயந்துக்குவேன்னு விட்டுப்போட்டேன்."

ராமாமணி உள்ளே போனாள். தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்தாள். மாண்டலினை அதில் சுற்றி, தந்தி டப்பாவையும் சேர்த்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன அம்மணி, பூட்டிப்போட்டே? நான் பொழுதோட வாசிக்கணுமே?"

"நூறு வருஷத்துப் பொருளை உங்க கையில குடுக்கறதுங்களா? நீங்க நூலையே அறுக்கறவருங்க."

லட்சுமணசாமி மாண்டலினைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் தன்னிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். கை துறுதுறுத்தது. மில்லில் நூலை இழுக்கும்போது அது எழுப்பும் சின்னச் சத்தத்தில்கூட அந்த முதல் வரி கேட்டது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"ராமாமணி, பழைய மரத்தை அடைச்சு வெக்கக் கூடாது. காத்துப் படணும். தினமும் எடுத்துக் கொஞ்ச நேரம் வாசிச்சாத்தான் அதுக்கு உசுரு இருக்கும்."

"அப்படீங்களா?" என்று அவள் கவலையோடு கேட்டாள். "அப்ப நீங்க மில்லுக்குப் போனப்புறம் தினமும் வெளிய எடுத்து வெக்கறனுங்க. காத்துப் பட்டுக்கட்டும்."

"காத்து மட்டும் போதாது. தந்தியெல்லாம் ஒரே சீரா முறுக்கி வெக்கணும். தளர்ந்து போனா கழுத்து வளைஞ்சுபோகும். அது சாமானியப்பட்ட வேலை இல்லை, தெரிஞ்சவங்கதான் செய்யணும்."

"எப்படி முறுக்கறதுன்னு ஒருக்கா காட்டிக் குடுங்க."

வேறு வழியில்லாமல் காட்டிக்கொடுத்தார். எட்டுத் தந்தியும் ஜோடி ஜோடியாக ஒரே குரலில் பேச வேண்டும், இந்த ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இத்தனை ஏற்றம் என்று பாத்திரக்காரர் வந்து போன அதே இடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவள் சிரமப்பட்டுத் தோற்றுப்போவாள், சாவி நம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். ராமாமணி காதைக் கழுத்துப் பக்கம் வைத்துக் கேட்டு, முறுக்காணியை மெல்லத் திருப்பி, எட்டையும் சுருதி சேர்த்துவிட்டாள். லட்சுமணசாமிக்கு ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பிடிக்கிற வேலை அது.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பூட்டினாள்.

அவளுடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் பீரோவைத் திறந்து மாண்டலினுக்குச் சாம்பிராணி காட்டினாள். இப்படி ஒரு பொருளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிற பெண்சாதி யாருக்குக் கிடைப்பாள் என்று லட்சுமணசாமி வியந்தார். வியந்துகொண்டே வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

பாத்திரக்காரர் போன தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருந்தார். மில் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பீரோ திறக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். நூறு வருஷம் என்பது சிலர் வாயில் இருநூறு ஆனது. துரை என்பது கவர்னர் ஆனது. ஆயுத பூஜைக்கு மாண்டலினை நடுவில் வைத்து நாமம் போட்டு, செவ்வந்திப்பூ வைத்துக் கும்பிட்டார்கள். அன்றைக்கு யாரும் பார்க்காத நேரத்தில் லட்சுமணசாமி ஒரு தந்தியைத் தொடப் போனார்.

"ஏனுங்க, பூசையில வெச்ச ஆயுதத்தைத் தொடலாமுங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டுக்காரர் அமீர் ஹம்சா மட்டும் பார்க்க வரவில்லை. அதே மில்லில் ஸ்பின்னிங்கில் அவருக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் லட்சுமணசாமி போகும்போது அவர் கண் எரியத் திரும்பி வருவார். வாசலில் ஒருவருக்கொருவர் தலையசைப்பதோடு சரி, நின்று பேச இரண்டு பேருக்கும் நேரம் இருந்ததில்லை. ஒரு நாள் மட்டும் ஹம்சா நின்றார்.

"உங்க ஊட்டு மாண்டலினால எனக்கு எத்தனை புண்ணியம்னு சொல்ல முடியாதுங்க" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"எல்லாம் பழசோட மகிமைங்க" என்றார் லட்சுமணசாமி. பார்க்காமலே இப்படிப் பக்தியா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ராமாமணி முன்பைவிடச் சாந்தமாகிவிட்டாள். சமைக்கும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். கொதிக்கிற காப்பி டம்ளரை இடது கை விரல் நுனியால் துணி இல்லாமல் தூக்கி நீட்டுவாள். அவர் வாங்கும்போது துள்ளிக் குதிப்பார். அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

"வாரப்ப ஒரு சீப்பு வாங்கியாங்க. உடைஞ்சுபோச்சு."

"போன மாசம்தானே வாங்கினேன்?"

"இப்பெல்லாம் சீப்பு கெட்டியா வரதில்லீங்க."

லட்சுமணசாமி சீப்பு வாங்கிக்கொண்டு வருவார். அவர் மனசு முழுக்கப் பீரோவில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் மறுநாளே பாத்திரக்காரர் வருவார். பொய்யை அப்படியே விட்டால் சாவி இடுப்பை விட்டு இறங்காது. மாண்டலினுக்கு ஒரு நடுத்தரமான வயசு தேவைப்பட்டது. பாத்திரக்காரருக்குப் போட முடியாத அளவுக்குப் பழசாகவும், பீரோவில் பூட்ட வேண்டாத அளவுக்குப் புதுசாகவும் இருக்க வேண்டும். இருபது வருஷம் என்றால் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தார். அதை யாராவது பெரிய மனுஷர் சொல்ல வேண்டும்.

அப்படி ஒருவர் பீளமேட்டில் இருந்தார். பெயர் வெங்கடபதி. தொல்பொருள் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பழம்பொருளைக் காட்டினாலும் மட்டம் தட்டிவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் கிணறு வெட்டியபோது ஒரு தாழி கிடைத்து, ராஜா காலத்தது என்று ஊரே கும்பிட்டது. வெங்கடபதி போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "போன வருஷத்து மாங்கா ஊறுகாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். இவர்தான் நமக்கு வேண்டிய ஆள் என்று லட்சுமணசாமி அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார்.

"ரொம்பப் பழசா இருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணமுங்க" என்று வழியிலேயே அடியெடுத்துக் கொடுத்தார்.

"அதை நான் சொல்றனுங்க" என்றார் வெங்கடபதி.

ராமாமணி ஏனோ மாண்டலினைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தாள். வெங்கடபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டின் மேல் வைத்தார். முகர்ந்தார். லட்சுமணசாமி ஊறுகாய் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"கோயில் வாடை வருதுங்க" என்றார் வெங்கடபதி.

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்த பித்தளை மெட்டுகளின் மேல் அதை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனார். போகப் போக அவர் முதுகு வளைந்தது. மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

"சந்தையில பல்லைப் புடிச்சுப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்றாங்கல்ல? வாத்தியத்துக்கு மெட்டுதானுங்க பல்லு. விரல் அழுத்தி அழுத்தித் தந்தி பட்ட இடம் தேயும். இங்க பாருங்க. ஒவ்வொரு மெட்டுலயும் தந்திக்கு நேரா பள்ளம். மேல பன்னெண்டாவது மெட்டு வரைக்கும் பள்ளம். கட்டைவிரல் புடிச்ச இடத்துல வார்னிஷே இல்லை. கை சாயற விளிம்புல உள்மரம் தெரியுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ற சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்லீங்க. இது ஒருத்தர் ஆயுசுல ஆகற தேய்மானமில்லை. அப்பன், மகன், பேரன்னு தலைமுறை தலைமுறையா வாசிச்சிருக்கணும். நூத்தம்பது வருஷத்துக்கு ஒரு நாளும் குறையாது."

"சரியாப் பாருங்க" என்றார் லட்சுமணசாமி.

"நீங்களே பாருங்க."

லட்சுமணசாமி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பள்ளம் இருந்தது. அவர் வாங்கி வந்த அன்று அந்த மெட்டுகள் புதுத் தாலிக்கொடிபோல மின்னியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவருடைய ஒற்றை வரி ஒரே தந்தியில், மூன்று மெட்டுக்குள் முடிந்துவிடும். அவர் விரல் போகாத இடங்களில் எல்லாம் பித்தளை குழிந்து கிடந்தது. அவர் கனவில்கூட எட்டிப் பார்க்காத பன்னிரண்டாவது மெட்டு நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. லட்சுமணசாமிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சிலிர்த்தது.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நூறு வருஷம் என்று தான் சொன்னதைக் கேட்டுவிட்டு மாண்டலின் அதற்குத் தகுந்தபடி வயசாகிக்கொண்டதா? அல்லது உண்மையிலேயே துரை வீட்டுப் பொருள்தான், தன் வாயிலிருந்து அந்த உண்மை தானாக வந்ததா? எப்படிப் பார்த்தாலும் விஷயம் மனுஷ சக்திக்கு மேற்பட்டதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சாவி கேட்கவே இல்லை. மில்லுக்குப் புறப்படும்போது பீரோவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். ராமாமணி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வெங்கடபதியே ஒரு பொருளைப் பழசு என்று சொல்லிவிட்டார் என்ற செய்தி உடுமலைப்பேட்டை வரைக்கும் போனது. அங்கே ராமாமணியின் அண்ணன் திருமலைசாமி தென்னந்தோப்பு நடுவில் புது பங்களா கட்டி முடித்திருந்தார். பங்களாவின் ஹாலில் வைக்க அவரிடம் மான் கொம்பு இருந்தது, பெரிய கடிகாரம் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துப் பொருள் மட்டும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டு, வளர்பிறையில் ஒரு புதன்கிழமை பார்த்துக் காரில் புறப்பட்டார். வழியில் வெங்கடபதியையும் ஏற்றிக்கொண்டார். காரின் தலையில் ஒரு புதுச் சைக்கிள் கட்டியிருந்தது. மடியில் ஒரு புது ரேடியோ இருந்தது.

மச்சான் வருகிற சேதி முன்னாலேயே வந்திருந்ததால் லட்சுமணசாமி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு சைக்கிளைக் குடுத்து வாங்கினீங்க. இந்தாங்க, புதுச் சைக்கிள்" என்றார் திருமலைசாமி. "கண்ணு, உனக்கு ரேடியோ. மாண்டலினை எடுத்துக்கிட்டு வா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள கார்ல ஏத்தணும்."

"அது தர மாட்டனுங்கண்ணா" என்றாள் ராமாமணி.

திருமலைசாமி சிரித்தார். தங்கை தன்னிடம் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. "உனக்கு எதுக்குக் கண்ணு அது? சின்னதுல வீணை வாத்தியாரை வெச்சு, கல்யாணப் பேச்சு வந்ததும் நான் நிறுத்தினப்ப நீ ஒரு வார்த்தை கேட்டியா? அழுதியா? உனக்கு இந்தப் பாட்டுக் கூத்தெல்லாம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

ராமாமணி தரையைப் பார்த்தாள். "ஆயிரம் சைக்கிள் குடுத்தாலும் தர மாட்டனுங்க."

"இதென்ன புதுப் பழக்கமா இருக்குது? மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. புது ஊடு, பெரிய மனுஷங்கெல்லாம் வந்து போற இடம். அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ராஜாவாட்ட நிக்கும். ஒருத்தர் கை அதுமேல படாது."

ஒருத்தர் கை படாது என்ற வார்த்தை லட்சுமணசாமியின் நெஞ்சில் விழுந்தது. ஸ்டூடியோ மதில் ஓரம் காலை ஊன்றி நின்ற அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. இங்கே பீரோவுக்குள் இருக்கும்வரை, என்றைக்காவது ஒரு நாள் அது வாயைத் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் அதுவும் இருக்காது. ராமாமணியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் நீர் நின்றது. வெறும் மதிப்புக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு பொய்யைக் கட்டிக் காப்பாற்ற அவரால் முடியவில்லை.

"மச்சான், அது பழசே இல்லீங்க" என்றார்.

திருமலைசாமி ரேடியோவைத் தரையில் இறக்கி வைத்தார்.

"நான் வாங்கறப்ப அதுக்கு ஒரு வயசுகூட ஆகலை. நூறு வருஷம்னு நான்தான் சும்மா சொல்லிப்போட்டேன். பாத்திரக்காரர்கிட்ட இருந்து காப்பாத்தறதுக்காகச் சொன்னது. துரையும் இல்லை, கப்பலும் இல்லை. உங்க ஹாலுக்கு ஆகாதுங்க, விட்டுப்போடுங்க."

திருமலைசாமி வெங்கடபதியைப் பார்த்தார். வெங்கடபதி கோபப்படவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, "அம்மணி, ஒருக்கா வெளிய எடுங்க" என்றார்.

ராமாமணி பீரோவைத் திறந்து மாண்டலினை எடுத்தாள். கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வெங்கடபதி குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவை நான் கம்மியாச் சொல்லிப்போட்டனுங்க" என்றார். "பள்ளம் இன்னும் ஆழமா இருக்குது. ரெண்டாவது ஜோடிக்குக் கீழ ரெண்டு மெட்டு அடியோட தேஞ்சிருக்குது. இருநூறு வருஷமுங்க. இருநூறு."

"புதுசுங்க, சாமி சத்தியமாப் புதுசுங்க" என்றார் லட்சுமணசாமி. அழுதுவிடுவார் போலிருந்தது.

"புதுசுன்னா இது எப்படித் தேஞ்சுதுங்க? ரெண்டு வருஷமாப் பீரோவுக்குள்ள பூட்டிக் கிடந்த பொருள் தானாத் தேயுமுங்களா? சொல்லுங்க."

அதுதான் லட்சுமணசாமிக்கும் தெரியவில்லை. மனைவியின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"அம்மணி, உன்கிட்டப் பொய் சொன்னது தப்புத்தான். இது நூறு வருஷத்துப் பொருள்னு நம்பி இத்தனை நாள் கண்ணாட்டம் காப்பாத்துனே."

"நான் எங்கீங்க நம்புனேன்?" என்றாள் ராமாமணி மெதுவாக. "நூறு வருஷத்து மரத்துல அந்த அடி அடிக்குமுங்களா வார்னிஷ் வாடை? புதுசுன்னு அன்னைக்கே தெரியுமுங்க."

லட்சுமணசாமி கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார். "பின்ன எதுக்குப் பூட்டி வெச்சே?"

அவளுக்குக் கன்னம் சிவந்தது. அவளுடைய இடது கை மாண்டலினின் கழுத்தில், வார்னிஷ் போன அந்த இடத்தில் சரியாகப் பொருந்தியிருந்தது. அதை லட்சுமணசாமி பார்த்தார், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

"நல்ல நேரம் போகுது, கண்ணு" என்று திருமலைசாமி கையை நீட்டினார்.

அப்போது வாசலில் யாரோ கனைத்தார்கள். அடுத்த வீட்டு அமீர் ஹம்சா நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர்போலத் தலை கலைந்து, தோளில் போர்வையோடு இருந்தார். வாசலில் நின்ற காரையும் வீட்டுக்குள் நின்ற கூட்டத்தையும் பார்த்துச் சங்கடப்பட்டார். லட்சுமணசாமி பகலில் வீட்டில் இருப்பதைப் பார்த்து இன்னும் சங்கடப்பட்டார். ஆனாலும் வந்த காரியத்தைக் கேட்காமல் அவரால் திரும்பிப் போக முடியவில்லை.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு இன்னும் வாசிக்க ஆரம்பிக்கலீங்களா? நீங்க வாசிக்காம எனக்குப் பகல்ல தூக்கமே வர மாட்டேங்குதுங்க."